காந்தளூர் பேரிக்காய் போட்டு கஸ்டர்ட் பேக் பண்ணா தண்ணி விட்டுருது, என்ன தப்பு பண்றேன்?

காந்தளூர்_தோட்டத்துவீடு:

வணக்கங்க. மறையூர் தாண்டி மேல ஏறினா வர்ற காந்தளூர்ல இருந்து எழுதறேன். இடுக்கி மாவட்டம்தான், ஆனா வீட்ல பேசறது, கோயில், கல்யாணம் காரியம் எல்லாமே தமிழ்ல, பெரிய சாமான் ஏதாச்சும் வாங்கணும்னா சின்னார் செக்போஸ்ட் தாண்டி உடுமலைக்குத்தான் எறங்குவோம்.

வீட்டுக்குப் பின்னாடி நாலு பேரி மரம் நிக்குது, மாமனார் வச்சது. அவர் போயி ஏழு வருசம் ஆச்சு, மரம் ஒரு வருசம் கூட காய்க்காம இருந்ததில்ல. சுத்திப் பாக்க வர்ற மலையாளத்துக்காரங்க சபர்ஜில் இருக்கான்னு கேப்பாங்க, நாங்க பேரிக்காய்ம்போம். ஆப்பிளுக்கும் ஸ்ட்ராபெரிக்கும் ஆளுங்க வரிசையா நிக்கறாங்க, பேரிக்காய மட்டும் ஒரு கடி கடிச்சிட்டு கல்லு மாதிரி இருக்குன்னு வச்சிட்டுப் போயிடறாங்க. இந்த ஆடியில மட்டும் ரெண்டு கூடை கீழ விழுந்தே வீணாப் போச்சுங்க, பாக்கவே மனசு கஷ்டமா இருந்துச்சு.

வீட்ல ரெண்டு ரூம் டூரிஸ்ட்டுக்கு விடறோம். போன மாசம் தங்கின ஒரு அம்மா, வெளிநாட்டுல பேரிக்காய அடியில அடுக்கி மேல முட்டைப்பால் ஊத்தி ஓவன்ல வச்சு எடுக்கற இனிப்பு ஒண்ணு இருக்கு, ஸ்பூன் வச்சா அப்படியே வழுக்கிட்டுப் போகும்னு சொன்னாங்க. இங்கயே மரத்துல காய் இருக்கே, வர்றவங்களுக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அதையே குடுக்கலாமேன்னு ஆசை வந்துருச்சு.

முதல் தடவ பண்ணது இது: அரை லிட்டர் பால், நாட்டுக்கோழி முட்டை 3, கஸ்டர்ட் பவுடர் ரெண்டு ஸ்பூன், ஆறு பேரிக்காய பச்சையா நறுக்கிப் போட்டேன். வீடியோல சர்க்கரை 100 கிராம்னு சொன்னாங்க, எங்க ஊர்ல சர்க்கரைன்னா உருண்டை வெல்லம்தானே, வெள்ளச் சீனிய பஞ்சசாரைன்னு சொல்லிப் பழகிட்டோம், அதனால மறையூர் வெல்லத்த சூடான பால்ல போட்டுட்டேன், பால் உடனே திரிஞ்சிருச்சு. வடிகட்டி ஊத்தி ஓடிஜி ஓவன்ல 200 டிகிரி வச்சு ஒரு மணி நேரம் விட்டேன். மேல தோல் மாதிரி காஞ்சு கெடக்கு, வெட்டினா உள்ள பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கு, தட்டு பூரா தண்ணி, பேரிக்காய் இன்னும் கடக் கடக்னு இருக்குங்க, போதாததுக்கு வாயில மணல் வேற. ரெண்டாவது தடவ வெள்ளச் சீனி போட்டு 180ல 45 நிமிசம் வச்சேன், பால் திரியல, ஆனா தண்ணியும் மணலும் அப்படியேதான் இருந்துச்சு.

எங்க காயே இதுக்கு ஆகாதா, கடையில வர்ற வெளிநாட்டுப் பேரிக்காய்லதான் வருமா? நம்ம வெல்லத்துல பண்ண வழி இருக்கா? இங்க மழைக்காலத்துல கரண்ட் அடிக்கடி போயிடும், ஓவன் இல்லாம முடியுமா? தெரிஞ்சவங்க கொஞ்சம் வெவரமா சொல்லுங்க.

---

மார்த்தாண்டம்_பேஸ்ட்ரி:

அக்கா, நான் களியக்காவிளை பக்கம். 11 வருசம் கல்ஃப்ல ஒரு ஓட்டல்ல பேஸ்ட்ரி கிச்சன்ல நின்னேன், இப்ப ஊருல ஆர்டர் எடுத்து செய்யுதேன். உங்க காய் மேல ஒரு குத்தமும் இல்ல, சூடும் தண்ணியும்தான் கெடுத்திருக்கு, ரெண்டையும் சரி பண்ணிரலாம்.

மொதல்ல கஸ்டர்ட் பவுடர எடுத்து ஓரமா வையுங்க. அது சோள மாவும் கலரும் வெனிலா வாசமும்தான், 1837ல இங்கிலாந்துல ஆல்ஃப்ரெட் பேர்டுன்னு ஒருத்தர் பொண்டாட்டிக்கு முட்டை ஒத்துக்காதுன்னு முட்டையே இல்லாம செஞ்சு வச்சது. அடுப்புல வச்சு கிண்டறதுக்கு நல்ல சாமான், குத்தம் சொல்லல, ஆனா நீங்க கேக்குற அந்த வழுக்கு முட்டையாலதான் வரும்.

முட்டை எப்பிடி வேல செய்யும்னு தெரிஞ்சா மீதி தானா வெளங்கும். வெறும் வெள்ளைக்கரு 62 டிகிரியிலயே இறுக ஆரம்பிச்சிரும். பாலும் சீனியும் சேந்தா அந்த சூடு மேல போகும், கஸ்டர்ட் பிடிக்கறது 80ல இருந்து 85 டிகிரிக்குள்ளதான். அதத் தாண்டிப் போச்சுன்னா முட்டையில இருக்குற புரதம் ரொம்ப இறுகி, உள்ள பிடிச்சு வச்சிருந்த தண்ணிய வெளிய பிழிஞ்சு விட்டுரும், ஈரத் துணிய முறுக்குன மாதிரி. நீங்க பாத்த ஓட்டை பூராம் அதுதான். 200 டிகிரியில ஒரு மணி நேரம்னா எந்த கஸ்டர்டும் தாங்காது.

அதனாலதான் தண்ணிக்குள்ள வச்சு பேக் பண்ணணும். பெரிய ட்ரேயில ஒரு துணிய விரிச்சு அதுமேல கஸ்டர்ட் பாத்திரத்த வச்சு, பாதி உயரத்துக்கு சுடுதண்ணி ஊத்தி, 150 இல்லன்னா 160 டிகிரி. வெளிய ஓவன் என்ன சூடு இருந்தாலும் தண்ணி கொதிநிலையத் தாண்டாது, பாத்திரத்தோட ஓரம் கருகாது. நீங்க கடல்மட்டத்துல இருந்து 1500 மீட்டர் பக்கம் இருக்கீங்க, அங்க தண்ணி 95 டிகிரி கிட்டயே கொதிச்சிரும், பருப்பு வேகறதுக்குத்தான் அது தொல்லை, கஸ்டர்டுக்கு நல்லதுதான் பாத்துக்கோங்க.

அளவு: பால் அரை லிட்டர், பண்ணை முட்டை 4, சீனி 80 கிராம், உப்பு ஒரு சிட்டிகை. நாட்டுக்கோழி முட்டை சின்னதா இருக்கும், 5 போடுங்க, நீங்க 3 போட்டதுல பாலப் பிடிச்சு நிறுத்த முட்டையே பத்தல. பால காய்ச்சி, விரல வச்சா சூடு தாங்குற அளவுக்கு ஆறவிட்டு, முட்டையில கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக் கலக்கணும். பீட்டர் வேண்டாம், கரண்டியால நுரை வராம கலக்குங்க, வடிகட்டுங்க, மேல நிக்குற நுரைய ஸ்பூனால எடுத்துப் போட்டுருங்க. 40ல இருந்து 50 நிமிசம். ஓரம் நின்னுருக்கணும், நடுவுல ஒரு ரூவாய் அளவுக்கு இல்ல, உள்ளங்கை அளவுக்கு ஆடிக்கிட்டே இருக்கணும், அப்பவே எடுத்துரணும். எடுத்த பிறகும் உள்ள இருக்குற சூட்டுல வெந்துக்கிட்டுதான் இருக்கும். நடுவும் கெட்டியானதுக்கு அப்புறம் எடுத்தா அது லேட்டு.

அந்த அம்மா சொன்னது வேற ஒண்ணாவும் இருக்கலாம். பிரான்ஸ்ல லிமூசான்னு ஒரு பகுதி, அங்க கருப்பு செர்ரிய கொட்டையோட அடுக்கி, மேல தோசை மாவு மாதிரி முட்டை, பால், மைதா கலந்து ஊத்தி பேக் பண்ணுவாங்க, கிளாஃபூட்டின்னு பேரு. அதையே பேரிக்காய், ஆப்பிள் போட்டு செஞ்சா அவங்க ஊர்ல ஃப்ளோன்யார்ட்ம்பாங்க. அதுக்கு தண்ணிக்குள்ள வைக்க வேண்டாம். முட்டை 3, பால் 300 மில்லி, மைதா 60 கிராம், சீனி 80 கிராம், உருக்குன வெண்ணெய் ஒரு ஸ்பூன், வெண்ணெய் தடவுன தட்டையான பாத்திரத்துல காய அடுக்கி மாவ ஊத்தி 180ல 35ல இருந்து 40 நிமிசம். ஓரமெல்லாம் உப்பி மேல வரும், எடுத்ததும் அமுங்கிரும், அது அப்பிடித்தான், பயப்பட வேண்டாம். மைதா இருக்குறதால கொஞ்சம் சூடு கூடினாலும் பிரியாது, மாவுச்சத்து முட்டைய காப்பாத்தும். புதுசா செய்யுறவங்களுக்கு இதுதான் கை கொடுக்கும், நான் முதல்ல இத செஞ்சு பாருங்கன்னுதான் சொல்லுவேன்.

பேரிக்காய பச்சையா போட்டதப் பத்தி வேற யாராச்சும் சொல்லுங்க, எனக்க கை டின்னுல வந்த காய்லதான் பழகிச்சு, தோட்டத்துக் காயப் பத்தி எனக்கு அந்தளவு தெரியாது.

---

போடி_பேரித்தோட்டம்:

காய் விசயம் நான் சொல்றேன் மதினி. நாங்க இங்கிட்டு போடி, ஆனா அம்மா வீடு கொடைக்கானல் மேல பள்ளங்கி பக்கம், சின்னப் புள்ளையில இருந்து பேரி மரத்துக்கடியிலதான் வளந்தேன்.

பேரிக்காய்ல ரெண்டு சாதி இருக்கு. ஒண்ணு கடையில ஸ்டிக்கர் ஒட்டி வர்ற மெத்துன்னு ஆகுற சாதி. அத மரத்துலயே பழுக்க விடக்கூடாது, உள்ள இருந்து வெளிய பழுக்குற பழம் அது, மேல கைக்கு மெதுவா படுறப்ப நடுவுல அழுகிப் போயிருக்கும். முத்துனதும் காய பக்கவாட்டுல தூக்கிப் பாக்கணும், காம்பு தானா கழண்டு வந்தா பறிக்கலாம், வரலைன்னா விட்ரணும். பறிச்சு பேப்பர் பையில ரெண்டு வாழைப்பழத்தோட வச்சா நாலஞ்சு நாள்ல காம்புக்குப் பக்கத்துல அமுக்குனா லேசா அமுங்கும், அதுதான் பதம்.

இன்னொன்னு நம்ம மலையில இருக்குற நாட்டுப் பேரி. சீனாப் பக்கத்து மணல் பேரியோட ரத்தம் கலந்த சாதிக நம்ம மலைகள்ல நெறைய உண்டு, கீஃபர்னு சொல்றது அதுல ஒண்ணு. அது எத்தனை நாள் வச்சாலும் வெண்ணெய் மாதிரி ஆகாது, கடக்குன்னுதான் இருக்கும், ஆனா வேக வச்சா உருக்குலையாம நிக்கும், வாசமும் ஏறும். கடையில வர்ற மெத்துப் பேரி அடுப்புல பத்து நிமிசத்துல கொழைஞ்சு போயிரும். சமையலுக்குன்னா நான் நம்ம காயத்தான் எடுப்பேன், இத சும்மா ஊர்ப்பாசத்துல சொல்லல, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு செஞ்சு பாத்துட்டுத்தான் சொல்றேன்.

இப்ப மணல். அது மண்ணு இல்ல, காய்க்குள்ள இருக்குற கல் மாதிரி கெட்டியான செல்லுக. எவ்வளவு வேக வச்சாலும் கரையாது, அதனால கத்தியிலதான் அத தீக்கணும். விதையச் சுத்தித்தான் அது கூட்டமா இருக்கும், தோலுக்கு அடியிலயும் கொஞ்சம் இருக்கும். நம்மாளுக விதைய மட்டும் நோண்டி எடுத்துட்டு காய் வீணாயிரும்னு பாப்பாங்க, அப்பிடி பாக்காதீங்க, விதையச் சுத்தி ஒரு விரல் கனத்துக்கு தாராளமா வெட்டி எடுத்துருங்க, தோலையும் கொஞ்சம் கனமாவே சீவுங்க. நாவுல ஒரு துண்டு வச்சுப் பாத்து நரநரன்னு இல்லைன்னா சரி. வெட்டி எடுத்தத மாட்டுக்குப் போடுங்க, ஆசையா திங்கும். அப்புறம் மரத்துலயே ரொம்ப நாள் விட்ட காய்ல மணல் ஜாஸ்தி, கீழ விழுற வரைக்கும் விடாம கொஞ்சம் முன்னாடியே பறிச்சுப் பாருங்க, வித்தியாசம் வெளங்கும்.

தண்ணி எங்கிட்டு இருந்து வருதுன்னா, பேரிக்காய்ல நூத்துக்கு 84 பங்கு கிட்ட தண்ணிதான். ஆறு காய் ஒரு 700 கிராம்னு வச்சுக்கங்க, அரை லிட்டருக்கு மேல தண்ணிய நீங்க கஸ்டர்டுக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கீங்க, நீங்க ஊத்துன பாலு அளவுக்கு தண்ணி. சூடு ஏறுனதும் அது வெளிய வராம எங்க போகும்?

அதுக்கு காய மொதல்லயே வேக வச்சிரணும். ஒரு லிட்டர் தண்ணி, 250 கிராம் சீனி, அரை எலுமிச்சம்பழச் சாறு, தட்டுன ஏலக்காய் நாலு, கிராம்பு ரெண்டு. காய ரெண்டா நாலா கீறி உள்ள போட்டு, தளதளன்னு கொதிக்க விடாம சிம்ல வையுங்க. மெத்துக் காய்க்கு 15 நிமிசம் போதும், நம்ம காய்க்கு 40 நிமிசம் கூட ஆகும், கத்தி முனை சிரமமில்லாம எறங்கணும். எலுமிச்சை காய கறுக்க விடாது. எடுத்து வடிகட்டியில கால் மணி நேரம், அப்புறம் சுத்தமான துணியில ஒத்தி எடுத்துட்டு அடுக்குங்க. அரை லிட்டர் பாலுக்கு வெந்த காய் 300 கிராமுக்கு மேல வேண்டாம். மிச்சமான பாகக் கொட்டிராதீங்க, சுண்ட வச்சா தேன் மாதிரி வரும், சாப்பிடுறப்ப மேல ஒரு ஸ்பூன் விட்டுக் குடுங்க.

ஆத்தா செய்யுறது இன்னும் சுளுவா இருக்கும், சட்டியில வெண்ணெய் போட்டு, காய மெல்லிசா அரிஞ்சு, ரெண்டு ஸ்பூன் சீனியோட வதக்குவா, தண்ணி பூராம் வத்தி ஓரம் செவக்குற வரைக்கும். பேஸ்ட்ரி அண்ணன் சொன்ன மைதா வகைக்கு இந்த வதக்குன காய்தான் எடுப்பு.

---

செங்கோட்டை_சித்தி:

கரண்ட் இல்லைன்னு கேட்டியே தாயி, இட்லிக் கொப்பரைல வை, ஓவனே வேண்டாம். ஓவன் வர்றதுக்கு முன்னாடியும் நம்ம வீடுகள்ல இதெல்லாம் செஞ்சுக்கிட்டுத்தான இருந்தோம். மாடு கன்னு போட்டா சீம்பால ஏலக்காய் தட்டிப் போட்டு ஆவியில வச்சு, துண்டு போட்டு திங்கலையா? அது முட்டையே இல்லாம தானா கட்டியாகும், ஆனா சங்கதி ஒண்ணுதான், சூட்டுல புரதம் இறுகுறது.

ஆவியில வைக்கறப்ப மூணு விசயம் கவனிக்கணும். பாத்திரத்த வாயோட ஃபாயில் இல்லைன்னா தட்டு போட்டு மூடணும், இல்லைன்னா மேல இருந்து தண்ணி சொட்டி மேல்பக்கம் அம்மைத் தழும்பு மாதிரி ஆயிரும். கொப்பரை மூடிக்கு உள்ள ஒரு துணிய கட்டிட்டா இன்னும் நல்லது. தீ எப்பவும் சிம்லதான் இருக்கணும், ஆவி வேகமா அடிச்சா உள்ள ஓட்டை விழும், மூடிய ஒரு கரண்டிக் காம்பு வச்சு லேசா திறந்தாப்ல வச்சிருந்தா சூடு அளவா நிக்கும். அரை லிட்டருக்கு 25ல இருந்து 35 நிமிசம், உங்க ஊர் குளிருக்கு இன்னும் அஞ்சு நிமிசம் ஆகலாம், ஆட்டிப் பாத்து எடு. குக்கர்ல வச்சா வெயிட் போடாத. ஆறுனதும் பிரிட்ஜ்ல நாலு மணி நேரம் வச்சாத்தான் வெட்ட வரும். ரெண்டு நாளைக்குள்ள தின்னு தீத்துருங்க, முட்டையும் பாலும் சேந்தது, வெளிய வச்சுட்டு மறந்துரக் கூடாது.

வெல்லத்துக்கு வர்றேன். வெல்லம் கொஞ்சம் புளிப்பு, அதுல இருக்குற உப்புகளும் சேந்து சூடான பால திரிய வச்சிரும். பாயசத்துல அடுப்ப அணைச்சு ஆறுனதுக்கு அப்புறம்தானே வெல்லப்பாக ஊத்துறோம், அதே கதைதான். அதுவும் கஸ்டர்டுல மறுபடி சூடு பண்ணப் போற, பசும்பால் வச்சா பயம் உண்டு. அதனால தேங்காப்பாலுக்கு மாறிரு. காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கம் வட்டலப்பம்னு ஒண்ணு செய்வாங்க, தேங்காப்பால், கருப்பட்டி இல்லைன்னா வெல்லம், முட்டை, ஏலக்காய், ஆவியில அவிக்கிறது, இலங்கையிலயும் அதுக்கு நல்ல பேரு. உன் மறையூர் வெல்லத்துக்கு அதவிட பொருத்தமான இடம் கெடையாது.

200 கிராம் வெல்லத்த கால் டம்ளர் தண்ணியில கரைய விட்டு, தூசி கல்லு இருக்கும், கண்டிப்பா வடிகட்டி, முழுசா ஆறவை. கெட்டியான முதல் பால் 400 மில்லி, முட்டை 5, ஏலக்காய்த்தூள், ஜாதிக்காய் ஒரு துருவல். கலக்கி வடிகட்டி, வேக வச்ச பேரிக்காய அடியில அடுக்கி மேல ஊத்தி அவி. காய வேக வைக்கறப்பவும் சீனிக்கு பதிலா வெல்லப்பாகே போதும், நெறம் பழுப்பா வரும், நல்லாத்தான் இருக்கும். வெனிலா எசன்ஸ் ஊத்தாத, வெல்ல வாசத்த அது கெடுத்துரும்.

---

மார்த்தாண்டம்_பேஸ்ட்ரி:

வெனிலா விசயத்துல சித்தி சொல்லுறத வெல்லத்துக்கு ஒத்துக்குதேன். வெள்ளச் சீனி போட்ட பால் கஸ்டர்டுக்கு வெனிலா இல்லாம எனக்கு மனசு ஒப்பாது, முட்டை வாசத்த அது நல்லா அமுக்கும். எசன்ஸ் ஊத்துறதா இருந்தா கால் ஸ்பூனுக்கு மேல வேண்டாம். ஏலக்காயும் வெனிலாவும் சேத்துப் போடாதீங்க, ஏதாவது ஒண்ணு போதும்.

---

குடியாத்தம்_அம்முலு:

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும்க்கா. நாங்க குடியாத்தம், தாண்டினா ஆந்திரா, வீட்ல தெலுங்கும் தமிழும் கலந்துதான் ஓடும், முட்டை மட்டும் உள்ளயே வராது. பலமநேர் சந்தையில பேரிக்காய் பாத்து ஆசையா வாங்கிட்டு வந்துட்டு, எல்லா ரெசிபியிலயும் முட்டைன்னு இருக்கவும் விட்டுட்டேன். அப்புறம் ஒரு வழி கெடச்சுது, உங்க வீட்டுக்கு வர்றவங்கள்ல சைவக்காரங்களும் இருப்பாங்கதானே, அவங்களுக்கு இது ஆகும்.

துணியில தொங்க விட்டு தண்ணி வடிச்ச கெட்டித் தயிர் ஒரு கப், கண்டென்ஸ்டு மில்க் ஒரு கப், கெட்டிப் பால் ஒரு கப், ஏலக்காய். கட்டியில்லாம கலக்கி, பேரிக்காய் மேல ஊத்தி, தண்ணிக்குள்ள வச்சு 160ல 25ல இருந்து 30 நிமிசம், இல்ல ஆவியில 20 நிமிசம். தயிரோட புளிப்பும் சூடும் சேந்து கட்டியாக்கிடும். தயிர் புளிச்சிருந்தா வேஸ்ட், அன்னைக்கு ஒறைஞ்சதா இருக்கணும். முட்டை வச்சது மாதிரி வழுக்காதுக்கா, கொஞ்சம் அழுத்தமா இருக்கும், ஆனா பேரிக்காய்க்கு அந்த லேசான புளிப்பு ரொம்ப நல்லா சேருது, எங்க வீட்ல பெரியவங்க ரெண்டாவது தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க.

---

காந்தளூர்_தோட்டத்துவீடு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இவ்வளவு வெவரமா எழுதுவீங்கன்னு நெனைக்கல. நேத்தும் இன்னைக்கும் ரெண்டு விதமா பண்ணிப் பாத்துட்டுத்தான் எழுதறேன்.

நேத்து மைதா வகை. போடி மதினி சொன்ன மாதிரி காய முன்னாடியே பறிச்சேன், விதையச் சுத்தி கனமா வெட்டினேன். வெட்டிப் போட்டதப் பாத்து மாமியாருக்கு பொறுக்கல, அவங்க வீட்டுக்காரர் வச்ச மரத்துக் காயாச்சேன்னு. ஒரு துண்டு வேக வச்சு வாயில போட்டதுக்கு அப்புறம் பேசாம அவங்களே கத்திய வாங்கி மிச்சத்த வெட்டிக் குடுத்தாங்க. வெண்ணெயில வதக்கி, 180ல 38 நிமிசம். ஓரம் நல்லா உப்பி வந்துச்சு, வெளிய எடுத்ததும் அமுங்கிருச்சு, அண்ணன் முன்னாடியே சொல்லலைன்னா நான் மறுபடி கெட்டுப் போச்சுன்னே நெனச்சிருப்பேன். தட்டுல ஒரு சொட்டு தண்ணி இல்லீங்க. சூட்டோட சாப்பிட்டத விட ராத்திரி ஆறினதுக்கு அப்புறம் இன்னும் நல்லா இருந்துச்சு.

இன்னைக்கு செங்கோட்டை சித்தி சொன்ன வெல்லம் தேங்காப்பால். மதியம் ஒரு மணியில இருந்து கரண்ட் இல்ல, இட்லிப் பாத்திரத்துலதான் வச்சேன். இங்க தேங்காய் வெளையாது, மறையூர்ல இருந்து வாங்கிட்டு வரச் சொல்லி மூணு காய் துருவிப் பால் எடுத்தோம். வெல்லம் மட்டும் இந்த ஊர்ப் பக்கத்து ஆலையில இருந்து வந்தது, மறையூர் வெல்லத்துக்கு 2019லயே புவிசார் குறியீடு குடுத்துட்டாங்க, ஆனா எங்க வீட்ல அது தினமும் காப்பிக்குத்தான் போயிட்டு இருந்துச்சு. 35 நிமிசத்துல நடு இன்னும் தண்ணியா இருந்துச்சு, 42 நிமிசத்துல எடுத்தேன். நடு ஆட்டம் இருக்கறப்பவே எடுக்கணும்னு சொன்னத நம்பி எடுத்துட்டேன், ஆறினதும் தானா நின்னுருச்சு. பழுப்புக் கலர்ல, மேல பாகு ஊத்தினா பளபளன்னு இருக்கு. ஒரு ஓரத்துல மட்டும் நாலஞ்சு ஓட்டை இருக்குங்க, அந்தப் பக்கம் தீ அதிகமா பட்டிருக்கும்னு நெனைக்கறேன்.

ஒண்ணு மட்டும் இன்னும் கேக்கணும். சனிக்கிழமை எட்டு பேர் வர்றாங்க, அத்தனை பேருக்கும் ஒரே பெரிய பாத்திரத்துல வைக்கலாமா, இல்ல தனித்தனி கிண்ணமா?

---

செங்கோட்டை_சித்தி:

தனித்தனி கிண்ணம் வை தாயி. பெருசா வச்சா ஓரம் வெந்து நடு வேகாம இழுத்துக்கிட்டு இருக்கும். சின்ன எவர்சில்வர் கிண்ணத்துக்கு 12ல இருந்து 15 நிமிசத்துலயே ஆட்டிப் பாக்க ஆரம்பிச்சிரு, உங்க ஊர்ல ஒரு ரெண்டு மூணு நிமிசம் கூட்டிக்கோ. வெள்ளிக்கிழமை சாயங்காலமே அவிச்சு வச்சிட்டா சனிக்கிழமை உனக்கு பதட்டம் இருக்காது. பாகு மட்டும் குடுக்கறப்ப ஊத்து, முன்னாடியே ஊத்தி வச்சா மறுபடி தண்ணி விட்ட மாதிரி ஆயிரும்.

---

போடி_பேரித்தோட்டம்:

கிண்ணத்துல வைக்கறதா இருந்தா காய பெரிய துண்டா போடாதீங்க மதினி, சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கி அடியில ஒரு அடுக்கு மட்டும். மிச்சக் காய தோலோட மஞ்சப் பேப்பர்ல ஒண்ணு ஒண்ணா சுத்தி குளிர்ச்சியான இடத்துல வையுங்க, ஒண்ணு மேல ஒண்ணு உரசாம இருந்தா கொஞ்ச நாளைக்குத் தாங்கும், அழுகத் தொடங்குன காய மட்டும் ரெண்டு நாளைக்கு ஒருக்கா பாத்து எடுத்துருங்க.

---

காந்தளூர்_தோட்டத்துவீடு:

சரிங்க சித்தி, சரிங்க மதினி. எட்டு கிண்ணம் எடுத்துக் கழுவி வச்சாச்சு. முட்டை போட்டது ஆறு, அம்முலு சொன்ன தயிர் வச்சது ரெண்டு, வர்றவங்கள்ல ரெண்டு பேர் முட்டை சாப்பிடாதவங்கன்னு இப்பத்தான் போன் பண்ணிச் சொன்னாங்க. தயிருக்கு வெள்ளிக்கிழமை காலையிலயே பால் ஒறை ஊத்திடறேன்.